விறைப்பின் நியாயம்

பிலாட்டிஸ் வகுப்புக்குப் புதிதாக வருகிறவரின் முகத்தைச் சுருங்க வைப்பது பெரும்பாலும் ‘ரோல் அப்’ என்கிற பயிற்சிதான். மல்லாந்து படுத்து, கைகளைத் தலைக்குப் பின்னால் நீட்டி, பிறகு தலை, கழுத்து, நெஞ்சுப்புறம், இடுப்புப்புறம் என்று முதுகெலும்பைக் கண்ணி கண்ணியாகத் தரையிலிருந்து பிரித்தெடுத்து எழுந்து உட்கார வேண்டும். அதே ஓட்டத்தில் கால் விரல்களை நோக்கிக் குனிய வேண்டும். கால்கள் நீட்டியபடியே தரையில் கிடக்க வேண்டும். புதியவருக்கோ பாதி வழியில் முதுகு பலகையாகிவிடுகிறது. குதிகால்கள் எழும்புகின்றன, முழங்கால் மடங்குகிறது, உந்தித் தள்ளி எப்படியோ உட்கார்ந்தபின் விரல்கள் முழங்காலைக் கொஞ்சம் தாண்டியதுமே நின்றுவிடுகின்றன. அப்போது அவர் தனக்குத்தானே எழுதிக்கொள்ளும் தீர்ப்பு: என் உடம்பு கட்டை, தொடையின் பின்தசை குட்டையாகிவிட்டது, முதலில் அதை இழுத்து நீட்ட வேண்டும், உடம்பு வளையத் தொடங்கிய பிறகுதான் பிலாட்டிஸ் எனக்குச் சரிப்படும். இயல்பாகத் தோன்றும் இந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தவறானது என்பது என் வாதம். விறைப்பு என்று நாம் உணர்வது, ஒரு நிலையில் தன்னால் தாக்குப்பிடிக்க முடியுமா என்று உடம்பு போட்டு வைத்திருக்கும் கணக்கு. தசையின் நீளம் அந்தக் கணக்கில் ஒரு சிறு எண் மட்டுமே. எல்லையில் வலுவும் பழக்கமும் கூடும்போது கணக்கு மாறுகிறது. வெறுமனே இழுப்பதால் அது மெதுவாக மாறுகிறது, சில சமயம் மாறாமலே போகிறது.

முதலில் உணர்வையும் அளவையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பிடிப்பு, இறுக்கம், விறைப்பு, மரத்துப்போதல், உடம்பு கட்டிக்கொண்டது என்று தமிழில் இதற்குச் சொற்கள் ஏராளம். எல்லாமே உணர்கிறவர் பக்கமிருந்து பிறந்தவை. அளந்து பார்த்துச் சொன்னவை அல்ல. தெற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாஷா ஸ்டான்டனும் அவரது குழுவினரும் 2017இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடைவெளியை நேரடியாகச் சோதித்தது. நாள்பட்ட முதுகுவலியோடு விறைப்பும் உள்ள 15 பேர், அவை இல்லாத 15 பேர் ஆகியோரின் முதுகெலும்பை ஒரு கருவியால் அழுத்தி, அது எவ்வளவு எதிர்க்கிறது என்று அளந்தார்கள். முதுகு விறைத்துக் கிடக்கிறது என்று சொன்னவர்களின் முதுகு மற்றவர்களுடையதைவிட விறைப்பாக இருக்கவில்லை. ஆனால் தங்கள்மேல் விழுந்த அழுத்தத்தை அவர்கள் உண்மையைவிடக் கூடுதலாக மதிப்பிட்டார்கள். இதைவிட வியப்பான பகுதி அடுத்தது. அழுத்தும் நேரத்தில் கதவு கிறீச்சிடும் ஓசையையோ மென்மையான வேறோர் ஓசையையோ கேட்கச் செய்தபோது அவர்களின் மதிப்பீடு மாறியது. காதில் விழும் ஓசை முதுகின் எலும்பையும் தசையையும் எதுவும் செய்துவிட முடியாது. மாறியது, முதுகைப் பற்றி மூளை உருவாக்கிக்கொண்ட முடிவு. முதுகைக் காக்கும் பொருட்டு எழுகிற உணர்வு இது என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

இதன் மறுபக்கமும் மருத்துவர்களுக்குப் பழக்கமானது. மூட்டுகள் அளவுக்குமீறித் தளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். கட்டைவிரலை முன்கையில் தொட வைப்பார்கள். முழங்காலை நேர்கோட்டையும் தாண்டிப் பின்னால் வளைப்பார்கள். முழங்கால் மடங்காமல் உள்ளங்கையைத் தரையில் பதிப்பார்கள். 9 புள்ளிகள் கொண்ட பெய்ட்டன் அளவுகோலில் இவர்கள் உயர்ந்த எண்ணிக்கை பெறுவார்கள். இவர்களிலும் பலர் கழுத்து இறுக்கம், தொடை இறுக்கம் என்று முறையிடுகிறார்கள். வளைவதற்குக் குறைவே இல்லாத உடம்பு ஏன் இறுக்கத்தை உணர வேண்டும்? மூட்டைக் கட்டிப்போட வேண்டிய நார்கள் தளர்ந்திருப்பதால் அந்த வேலையைத் தசைகள் ஓய்வின்றிச் செய்கின்றன, அந்த ஓயாத உழைப்பே இறுக்கமாக உணரப்படுகிறது என்பதே பொருத்தமான விளக்கம். இவர்களை மேலும் இழுத்து நீட்டச் சொல்வது அவர்களுக்குச் செய்யும் கெடுதல். நீளம் குறைந்தால்தான் இறுக்கம் வரும் என்ற எண்ணத்துக்கு இவர்களே நடமாடும் மறுப்பு.

சரி, இழுத்து நீட்டுகிறவர்களின் எட்டம் நாளடைவில் கூடத்தானே செய்கிறது, அப்படியானால் தசை நீண்டுவிட்டது என்றுதானே பொருள்? நெடுங்காலம் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். 1996இல் டென்மார்க்கைச் சேர்ந்த பீட்டர் மாக்னுசனும் உடனாய்வாளர்களும் ஒரு காலின் தொடைப் பின்தசையை மட்டும் மூன்று வாரம் தினமும் நீட்டச் செய்து, மறு காலோடு ஒப்பிட்டார்கள். நீட்டிய காலின் எட்டம் கூடியிருந்தது. ஆனால் ஒரே கோணத்தில் வைத்து அளந்தபோது தசையின் எதிர்ப்பு முன்பிருந்த அளவிலேயே இருந்தது. தசை இளகவில்லை, முன்னைவிடக் கூடுதலான இழுப்பை அந்த மனிதர் பொறுத்துக்கொண்டார், அவ்வளவுதான். ஆய்வுலகில் இதற்கு நீட்சிப் பொறுதி என்று பொருள்படும் பெயர் நிலைத்துவிட்டது. ஆறு வாரம்வரை நீண்ட பிற்காலச் சோதனைகளிலும் எட்டம் கூடியும் தசை, தசைநாண் ஆகியவற்றின் கட்டமைப்பில் மாற்றம் தென்படாத முடிவுகள் வந்திருக்கின்றன. தோள்மூட்டு உறைந்துபோனதாகச் சொல்லப்பட்ட சில நோயாளிகளை மயக்க மருந்து கொடுத்தபின் சோதித்துப் பார்த்தபோது, விழித்திருக்கையில் அசைய மறுத்த கை கணிசமாக மேலே போனது. அவர்களிடம் அசைவைத் தடுத்ததில் பெரும்பங்கு தசைகளின் காவலுக்கு இருந்தது; மயக்கத்தில் காவல் கலைந்தது.

காவல் என்ற சொல்லை வெறும் உவமையாக இங்கே சொல்லவில்லை. ஒவ்வொரு தசைக்குள்ளும் கதிர் வடிவிலான நுண்ணிய உணர்விகள் இருக்கின்றன. தசை எவ்வளவு நீள்கிறது, எவ்வளவு வேகமாக நீள்கிறது என்ற செய்தியை அவை தண்டுவடத்துக்கு அனுப்பியபடி இருக்கும். திடீரென்று நீட்டினால் தசை தானாகவே சுருங்கி எதிர்க்கும். உடலியலாளர்கள் லிட்டெலும் ஷெரிங்டனும் 1924இல் விவரித்த அனிச்சைச் செயல் இது. மருத்துவர் முழங்காலுக்குக் கீழே சிறு சுத்தியலால் தட்டும்போது கால் உதறுவதும் இதனால்தான். இந்தக் காவல் எவ்வளவு கூர்மையாக இருக்க வேண்டும் என்பதை மேலிருந்து நரம்பு மண்டலம் திருத்திக்கொண்டே இருக்கிறது. களைப்பு, பயம், தூக்கமின்மை, பழைய காயத்தின் நினைவு எல்லாம் அந்தத் திருத்தத்தில் பங்கு பெறுகின்றன. தசைக்கு இன்னொரு இயல்பும் உண்டு. தனக்குப் பழகிய நடுத்தர நீளத்தில் அது அதிக வலுவோடும், மிகவும் நீண்ட நிலையில் குறைந்த வலுவோடும் வேலை செய்யும். ஆக, யாரும் போகாத எல்லையில் உடம்புக்கு வலுவும் இல்லை, அனுபவமும் இல்லை. அங்கே போக அது தயங்குவதில் நியாயம் இருக்கிறது. காவலாளியை அடித்து விரட்டுவதைவிட அவனுடைய அச்சத்தின் காரணத்தை நீக்குவதே அறிவு.

யாரும் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை இதைத் தெளிவாக்கும். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்காமல் ஒரு காலைக் கையின் உதவியில்லாமல் எவ்வளவு உயரம் தூக்க முடிகிறதோ அவ்வளவு தூக்க வேண்டும். பிறகு பாதத்தில் ஒரு துண்டைச் சுற்றிப் பிடித்து, அதே காலைக் கையால் மெதுவாக இழுத்து எவ்வளவு வருகிறது என்று பார்க்க வேண்டும். இழுத்த உயரம் தூக்கிய உயரத்தைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் பெரிதாக இருந்தால், தசையில் நீளம் ஏற்கெனவே இருக்கிறது என்று பொருள். அந்த நீளத்தைப் பயன்படுத்தும் வலுதான் இல்லை. ‘ரோல் அப்’பில் தடுமாறுகிறவர் குறை சொல்லும் தொடைப் பின்தசை, பல வேளைகளில் முன்வயிற்றின் வலுக்குறைவுக்கும் முதுகெலும்பு கண்ணி கண்ணியாக அசையப் பழகாததற்கும் சேர்த்தே பழி சுமக்கிறது.

இந்த இடத்தில் பிலாட்டிஸின் சொந்த வரலாறு உதவிக்கு வருகிறது. ஜோசப் பிலாட்டிஸ் 1883இல் ஜெர்மனியின் மொன்ஷன்கிளாட்பாக் நகரில் பிறந்தவர். நோஞ்சான் சிறுவனாக வளர்ந்த அவர், உடற்பயிற்சியாலும் குத்துச்சண்டையாலும் தன் உடம்பைத் தானே கட்டியெழுப்பிக்கொண்டார். முதல் உலகப் போர் மூண்டபோது பிரிட்டனில் இருந்ததால் எதிரி நாட்டவர் என்று அடைத்து வைக்கப்பட்டார். ஐல் ஆஃப் மேன் தீவில் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்டிருந்த நாக்கலோ முகாமில் அந்த ஆண்டுகளின் பெரும்பகுதி கழிந்தது. 1926இல் நியூயார்க் போய், எட்டாவது அவென்யூவில் பயிற்சிக்கூடம் தொடங்கினார். தன் முறைக்கு அவர் வைத்த பெயர் ‘கன்ட்ராலஜி’, கட்டுப்பாட்டின் கலை என்று சொல்லலாம். வில்லியம் ஜான் மில்லருடன் சேர்ந்து 1945இல் வெளியிட்ட நூலில் 34 பயிற்சிகள் இருக்கின்றன. ஒரே நிலையில் நிமிடக் கணக்கில் தொங்கிக் கிடக்கச் சொல்லும் பயிற்சி ஒன்றுகூட அவற்றில் இல்லை. ஒவ்வொன்றும் அசைவு, ஒவ்வொரு அசைவிலும் நீள்கிற தசை வேலை செய்துகொண்டே நீள்கிறது. படங்களில் செய்து காட்டுகிறவர் அறுபதைத் தாண்டிய பிலாட்டிஸேதான்.

அவரிடம் வந்து குவிந்த நடனக் கலைஞர்களின் கதைதான் இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஜார்ஜ் பாலன்சைன், மார்த்தா கிரஹாம் போன்றோரின் வட்டத்திலிருந்து நடனக்காரர்கள் எட்டாவது அவென்யூவுக்கு வந்துகொண்டிருந்தார்கள். வளைவதில் உலகிலேயே தேர்ந்தவர்கள் அவர்கள். இன்னும் வளையக் கற்றுக்கொள்ள அவர்களுக்கு ஒரு குத்துச்சண்டைக்காரர் தேவைப்படவில்லை. காயத்திலிருந்து மீளவும், தங்களிடம் ஏராளமாக இருந்த வளைவைத் தாங்கும் வலுவைப் பெறவும் வந்தார்கள். பிற்காலத்தில் பிலாட்டிஸைப் பரப்பியவர்களில் நடனக்காரர்கள் பலர். அதனால் சுவரொட்டிகளிலும் காணொளிகளிலும் நெற்றி முழங்காலைத் தொடும் உடம்புகளே நிறைந்தன. பிலாட்டிஸ் செய்ய வளையும் உடம்பு வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்துதான் வேர்விட்டது. நோயாளி சிகிச்சைக்கு முன்பே கொண்டுவந்த ஒன்றைச் சிகிச்சையின் பலன் என்று நினைத்துக்கொண்ட கதை இது.

வலுப் பயிற்சியே எட்டத்தைக் கூட்டும் என்பதற்கு ஆதாரம் உண்டா? உண்டு. 2021இல் ஜோசே அஃபோன்சோ குழுவினர், வலுப் பயிற்சியையும் நீட்டும் பயிற்சியையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட 11 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். மொத்தம் 452 பேர். மூட்டுகளின் எட்டத்தைக் கூட்டுவதில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தசையைச் சுருக்கி வேலை வாங்கினால் உடம்பு இறுகிப்போகும் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்த பயத்துக்கு இது பதில். முழு எட்டத்தில், பாரத்தைத் தாங்கியபடியே தசை நீளும்படி வேலை கொடுத்தால் தசை இழைகளே நீள்வதும் அளந்து காட்டப்பட்டிருக்கிறது. ஸ்பிரிங்குகளோடு நகரும் பலகை கொண்ட பிலாட்டிஸ் கருவியான ரிஃபார்மர் கட்டிலில் அந்த ஸ்பிரிங்குகள் செய்வது இதைத்தான். பலகையைத் தள்ளுவது பாதி வேலை. ஸ்பிரிங் இழுத்துக்கொண்டு போகாதபடி அதை மெதுவாகத் திரும்ப விடுவது மறு பாதி. அந்த இரண்டாம் பாதியை அவசரமாக முடிக்கிறவர் பயிற்சியின் சாரத்தைத் தவறவிடுகிறார். வாரமிருமுறை ஏறும் பளபளப்பான கருவி எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. பாயில் செய்யும் பயிற்சிகளிலும் இதே நியாயம் இருக்கிறது.

நம் மொழியில் சோம்பல் முறித்தல் என்று ஒரு சொல் இருக்கிறது. தூங்கி எழுந்த குழந்தை செய்கிறது, பூனை செய்கிறது, யாரும் சொல்லிக்கொடுக்காமலே நாமும் செய்கிறோம். கவனித்துப் பார்த்தால் அது வெறும் நீட்டல் இல்லை என்பது தெரியும். கைகளை மேலே நீட்டும்போதே அவற்றை முறுக்குகிறோம். முதுகை வளைக்கும்போதே அதன் தசைகளை இறுக்குகிறோம். மூச்சு நிறைந்து நின்று, பிறகு எல்லாம் ஒன்றாகத் தளர்கிறது. நீள்வதும் இறுகுவதும் ஒரே கணத்தில் நடக்கின்றன. உயிர்கள் தங்கள் விறைப்பைத் தாங்களே தீர்த்துக்கொள்ளக் கண்டுபிடித்த முறை, வெளியிலிருந்து ஒருவர் பிடித்து இழுப்பதைப்போல் சிறிதும் இல்லை.

இப்போது மறுப்புகளுக்கு வருவோம். முதலாவது வலுவான மறுப்பு: தசை உண்மையிலேயே குட்டையாவதில்லையா? ஆகிறது. 1972இல் தபாரி குழுவினர் பூனையின் கெண்டைத் தசையைச் சுருங்கிய நிலையில் மாவுக்கட்டுப் போட்டு வைத்தபோது, நான்கு வாரங்களில் தசை இழைகளில் வரிசையாக அமைந்த சுருங்கும் அலகுகள் ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தன. கட்டைப் பிரித்தபின் அவை மீண்டும் பழைய எண்ணிக்கைக்கு வந்தன. பக்கவாதத்துக்குப் பிறகும், நெடுநாள் படுக்கையிலும் மூட்டுகள் மடங்கியபடியே உறைந்துவிடுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் மாவுக்கட்டு இரவும் பகலும் விடாமல் பிடித்து வைப்பது. எட்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு, நடந்து பேருந்து ஏறி, வீட்டில் நீட்டிப் படுத்துத் தூங்குகிறவரின் தசைக்கும் அதற்கும் ஒப்பீடே இல்லை. எலும்பின் அமைப்பு தனிச் செய்தி. இடுப்பெலும்பின் குழி எவ்வளவு ஆழம், தொடையெலும்பின் கழுத்து எந்தத் திசையில் முறுகியிருக்கிறது என்பவை ஆளுக்கு ஆள் வேறுபடும். பரதநாட்டியத்தின் அரைமண்டியில் ஒரு பெண்ணின் முழங்கால்கள் எளிதாக வெளிநோக்கித் திரும்புவதும், அதே உழைப்பைப் போட்ட இன்னொருத்தியின் கால்கள் திரும்ப மறுப்பதும் பெரும்பாலும் எலும்பின் விஷயம். எலும்போடு யாரும் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. எல்லையில் இழுவிசை உணர்ந்தால் அது தசை. கட்டையில் கட்டை மோதுவதுபோல் இடுப்பின் முன்புறம் முட்டினால் அங்கேயே நிறுத்திக்கொள்வதுதான் சரி.

இரண்டாவது மறுப்பு வயதைப் பற்றியது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கேட்பார்கள். அந்தப் பழமொழி குணத்தைப் பற்றியது. தசையைப் பற்றியதென்றால் அது தவறு. 1990இல் பாஸ்டனில் சராசரியாக 90 வயதான பத்து முதியவர்களுக்கு எட்டு வாரம் கால்களுக்குக் கடுமையான வலுப் பயிற்சி கொடுத்த மரியா ஃபியாடரோனின் ஆய்வில், அவர்களின் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. வயதானால் குருத்தெலும்பும் மூட்டுறையும் மாறத்தான் செய்கின்றன. இருபதின் எட்டம் எழுபதில் திரும்பாது. ஆனால் விறைப்பின் பெரும்பங்கு உடம்பு போடும் கணக்கு என்றால், அந்தக் கணக்கைத் திருத்தும் திறன் எழுபதிலும் இருக்கிறது.

மூன்றாவது மறுப்பு கோபத்தோடு வருவது: எல்லாம் மனப்பிரமை என்கிறீர்களா? இல்லை. வலி உணர்வு உண்மை, விறைப்புணர்வும் உண்மை. நரம்பு மண்டலம் உடம்பைச் சேர்ந்தது. அதன் முடிவுகள் தசையின் இழுவிசையைப்போலவே உடம்பில் நடக்கின்றன. மேலும், விறைப்புகள் எல்லாம் ஒரே வகையல்ல. காலையில் எழுந்து அரை மணி நேரத்துக்கு மேலும் நீடித்து, ஓய்வெடுத்தால் கூடி, நடமாடினால் குறையும் முதுகு விறைப்பு, குறிப்பாக நாற்பது வயதுக்குள் தொடங்கினால், முதுகெலும்பு மூட்டழற்சியின் அடையாளமாக இருக்கலாம். அதற்கு மருத்துவர் தேவை, பயிற்சியாளர் அல்லர். தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு இருக்கும் நீரிழிவும் மூட்டுகளை விறைக்கச் செய்யும். இரத்தத்தில் நெடுநாள் கூடிக்கிடக்கும் சர்க்கரை கொலாஜன் நார்களோடு பிணைந்து அவற்றை ஒன்றோடொன்று பூட்டிவிடுகிறது. கைகூப்பும்போது உள்ளங்கைகளும் விரல்களும் முழுதாகப் பொருந்தாமல் நடுவே இடைவெளி விழுவதை மருத்துவர்கள் இதற்கான சோதனையாகவே வைத்திருக்கிறார்கள். தோள் உறைவதும் நீரிழிவாளர்களிடம் அதிகம். இங்கே சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதுதான் முதல் பயிற்சி. இன்னொன்று நரம்பின் இழுவிசை. கால் நீட்டி உட்கார்ந்திருக்கையில் தொடையின் பின்புறம் சுள்ளென்று இழுக்கிறது. தலையை நிமிர்த்தினால் குறைகிறது, குனிந்தால் கூடுகிறது. தொடைத் தசைக்கும் கழுத்துக்கும் இணைப்பில்லை. தண்டுவடத்திலிருந்து காலுக்கு ஓடும் நரம்புக்குத்தான் உண்டு. நரம்பை இழுத்துப் பிடித்து வைத்தால் அது எரிச்சலடையும். மெதுவாக முன்னும் பின்னும் ஓடவிட வேண்டும்.

ஆக, விறைத்த உடம்போடு பாயில் அமர்கிறவர் நடைமுறையில் என்ன செய்யலாம்? நேரத்திலிருந்து தொடங்கலாம். இரவில் முதுகெலும்பின் வட்டுகள் நீரை உறிஞ்சி ஊதிக்கொள்கின்றன. காலையில் நாம் ஒன்றரை செ.மீ. அளவுக்கு உயரமாக இருப்பதும், முன்குனிய முதுகு மறுப்பதும் அதனால்தான். நாள்பட்ட முதுகுவலியுள்ளவர்களை எழுந்தவுடன் குனியாமல் இருக்கச் சொன்னபோது வலி குறைந்ததை 1998இல் ஸ்டோவர் ஸ்நூக் குழுவினர் காட்டினார்கள். எனவே காபி குடிக்கும் முன்பே ‘ரோல் அப்’ செய்வதை ஒரு தவமாக ஆக்கிக்கொள்ள வேண்டாம். மாலையில் அதே உடம்பு தானாகவே இளகியிருக்கும். காலையில்தான் நேரம் என்றால், குனியும் பயிற்சிகளைக் கடைசிக்குத் தள்ளலாம். அடுத்தது இருக்கை. கால் நீட்டி உட்கார்ந்தால் இடுப்பு பின்னால் சரிந்து முதுகு கூன்போடுகிறவர், மடித்த போர்வை ஒன்றைப் பிட்டத்தின் அடியில் வைத்துக்கொள்ள வேண்டும்; முழங்காலைக் கொஞ்சம் மடக்கிக்கொள்ள வேண்டும். இதைக் குறைபாடாகக் கருதுகிறவர்கள் இருக்கிறார்கள். உண்மையில் இடுப்பு நிமிர்ந்த பிறகுதான், உட்கார்ந்து முன்குனியும் ‘ஸ்பைன் ஸ்ட்ரெட்ச்’ முதுகெலும்புக்கான பயிற்சியாகிறது. அதுவரை அது தொடைப் பின்தசையோடு நடக்கும் இழுபறி.

‘ரோல் அப்’பையே எடுத்துக்கொள்வோம். எழுந்து உட்காரும் பாதியை முதலில் விட்டுவிடலாம். உட்கார்ந்த நிலையில், முழங்காலை மடக்கி, தொடைகளைப் பின்புறமாகப் பிடித்துக்கொண்டு, மூச்சை வெளியே விட்டபடி இடுப்பின் கடைசிக் கண்ணியிலிருந்து மெதுவாகப் பின்னோக்கிப் படுத்துப் பழக வேண்டும். பின்னால் போகும்போது வயிற்றுத் தசை பாரத்தைத் தாங்கிக்கொண்டே நீள்கிறது. எழுவதைவிட இது எளிது, வலுவையும் வேகமாகக் கூட்டும். தொடைப் பின்தசைக்கு நான் சிறந்ததாகக் கருதுவது இடுப்பை உயர்த்தும் பாலப் பயிற்சியின் ஒரு மாற்று. டைல்ஸ் தரையில் மல்லாந்து படுத்து, குதிகால்களின் கீழ் ஒரு பழைய துண்டை வைத்து, இடுப்பை உயர்த்திய நிலையில் கால்களை மெதுமெதுவாக நழுவவிட்டு நீட்ட வேண்டும். ஐந்து முறைக்கு மேல் எடுத்த எடுப்பில் ஒழுங்காகச் செய்வது பலருக்கும் கடினம். குட்டை என்று சொல்லப்பட்ட அதே தசை, உடம்பின் பாரத்தைச் சுமந்தபடி நீள்வதை அப்போது நேராக உணரலாம். மூச்சும் இந்த வேலையில் பங்காளி. நீண்ட வெளிமூச்சு இதயத் துடிப்பைத் தணிக்கிறது, ஆபத்தில்லை என்ற செய்தியை உடம்புக்குக் கொண்டுபோகிறது. எல்லையில் மூச்சு நின்றுவிட்டால், பல்லைக் கடிக்கத் தொடங்கினால், காவல் விழித்துக்கொண்டது என்று அறிந்து ஓரடி பின்வாங்க வேண்டும்.

அப்படியானால் நீட்டும் பயிற்சியே வேண்டாமா என்று கேட்டால், வேண்டும், ஓர் அளவோடு. 1994இல் பாண்டி, இரியன் ஆகியோர் 15, 30, 60 விநாடிகள் நீட்டியவர்களை ஆறு வாரம் ஒப்பிட்டதில் 15ஐ விட 30 விநாடி நல்ல பலன் தந்தது. 60 விநாடி அதற்குமேல் எதையும் சேர்க்கவில்லை. 30 விநாடி போதும். அதையும் பயிற்சியின் முடிவில் வைத்துக்கொள்வது நல்லது. ஒரு நிமிடத்துக்கு மேல் அசையாமல் நீட்டிவிட்டு உடனே வேலை கொடுத்தால் தசையின் வலு தற்காலிகமாகக் குறைகிறது. பிலாட்டிஸுக்கான ஆதாரங்களையும் மிகைப்படுத்த நான் விரும்பவில்லை. 2004இல் நீல் சீகல் குழுவினர் வாரம் ஒரு வகுப்பு என்று பிலாட்டிஸ் செய்தவர்களைத் தொடர்ந்தபோது, ஆறு மாதத்தில் குனிந்த விரல்நுனிக்கும் தரைக்கும் இடையிலான தூரம் சுமார் 4 செ.மீ. குறைந்திருந்தது, ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு அதில் இல்லை. முதுகுவலிக்கான பிலாட்டிஸ் பற்றி 10 சோதனைகளைத் திரட்டிய 2015ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு, ஒன்றும் செய்யாமலிருப்பதைவிட அது மேல் என்றும், மற்ற உடற்பயிற்சிகளைவிட மேல் என்று சொல்ல முடியாது என்றும் முடித்தது. என் வாதத்துக்கு இது ஊறு விளைவிக்கவில்லை. பிலாட்டிஸில் மந்திரம் எதுவும் இல்லை. முழு எட்டத்தில், கட்டுப்பாட்டோடு, அச்சமில்லாமல் வேலை வாங்கும் எந்தப் பயிற்சியும் இதைச் செய்யும். ஜோசப் பிலாட்டிஸ் அதை ஒழுங்காக வரிசைப்படுத்திக் கொடுத்தார்.

கடைசியாக, கற்றுக்கொடுக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். முன்குனிந்து தடுமாறும் மாணவரின் முதுகில் கைவைத்து, ‘இன்னும் கொஞ்சம்’ என்று அழுத்திவிடும் பழக்கம் பிலாட்டிஸ் கூடங்களிலும் நடன வகுப்புகளிலும் பள்ளி மைதானங்களிலும் இன்னும் இருக்கிறது. அழுத்தும் கைக்கு எல்லை தெரியாது. அழுத்தப்படும் உடம்புக்குத் தெரியும். வெளியிலிருந்து வரும் அந்த விசையை எதிர்த்துத் தசை இறுகத்தான் செய்யும், மறுநாள் இன்னும் முன்கூட்டியே இறுகும். அந்தக் கையை எடுத்துவிடுங்கள். ஒரு போர்வையை மடித்துக் கொடுங்கள்.